கை வராதவருக்கு ஏற்ற கைவேலை எது? மூன்று வாரம், 12 பரிசுகள்

கைவராதவள்:
வணக்கம். இந்த மாதக் கடைசியில் வேலை மாறுகிறேன். ஆறு வருடமாகப் பக்கத்து மேசைகளில் இருந்த 12 பேருக்கு ஏதாவது கையால் செய்து கொடுத்துவிட்டுப் போக ஆசை. மூன்று வாரம் இருக்கிறது. அதுவும் வேலை முடிந்து வந்தபின் கிடைக்கும் ஒரு மணி நேரம்தான்.

நேற்று ஒரு காலி பாட்டிலில் பூப்போட்ட நாப்கினை ஒட்டிப் பார்த்தேன். காணொளியில் அந்த அம்மா நாலே நிமிடத்தில் முடித்துவிட்டார். என்னுடையது வெகுநேரம் தண்ணீரில் ஊறிய விரல் மாதிரி சுருங்கிப் போய் நிற்கிறது. படம் போட வெட்கமாக இருக்கிறது. பள்ளியில் கைவேலை வகுப்பு வந்தால் பக்கத்தில் உட்கார்ந்தவள்தான் என்னுடையதையும் செய்து கொடுப்பாள், அப்படிப்பட்ட கை. எளிதாக ஏதாவது சொல்லுங்கள். இந்தப் பாட்டிலை என்ன செய்வது என்றும் சொன்னால் புண்ணியம்.

பசைவிரல்:
கையைக் குறை சொல்லாதீர்கள், பசையைக் கேளுங்கள். நாப்கினை அடுக்குப் பிரித்தீர்களா? பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று அடுக்கு இருக்கும். அச்சான மேலடுக்கு மட்டும் போதும். பிரிக்காமல் ஒட்டினால் ஒவ்வொரு அடுக்கும் ஒவ்வொரு பக்கம் இழுக்கும்.

அடுத்தது, காகிதம் ஈரம் பட்டால் விரியும், காய்ந்தால் சுருங்கும். பாட்டில் முழுக்கப் பசை பூசி, அதன்மேல் பெரிய தாளாகச் சுற்றினால், விரிந்த காகிதம் போக இடமில்லாமல் மடிந்துதான் நிற்கும். போதாக்குறைக்குப் பாட்டிலின் கழுத்து உருண்டு வளைகிறது, தட்டையான தாள் அங்கே எப்படி உட்காரும்? படத்தைப் பூப்பூவாகக் கிழித்துக்கொள்ளுங்கள். கத்தரி வேண்டாம், கிழித்த ஓரம் கண்ணுக்குத் தெரியாது. துண்டைக் காய்ந்த பரப்பில் வைத்து, தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையை நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் பிரஷ்ஷால் தடவுங்கள். மேலே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாளை வைத்து விரலால் நீவினால் பிரஷ் கிழித்துவிடுமோ என்ற பயமும் இல்லை. அதற்கெல்லாம் முன்னால் பாட்டிலுக்கு வெள்ளை வண்ணம் ஒரு பூச்சு கொடுத்துக் காயவிட வேண்டும். இல்லாவிட்டால் பிரித்த நாப்கின் கண்ணாடியில் காணாமல் போய்விடும்.

இருக்கிற பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப் போடுங்கள். வெள்ளைப் பசை இளகி உரிந்து வந்துவிடும். வார்னிஷ் பூசாமல் விட்டால் ஈரக் கை பட்டதும் பிசுபிசுப்பதும் இதே குணத்தால்தான். அதனால் கடைசியில் வார்னிஷ் இரண்டு பூச்சு கட்டாயம்.

காலிஅலமாரி:
நான் கேட்பது கொஞ்சம் கசக்கும். 12 பேருக்கு 12 பாட்டில். அதை வாங்குகிறவர் எங்கே வைப்பார்? எனக்கு இதுவரை வந்த கைவினைப் பரிசுகளில் மூன்று பாட்டில், இரண்டு பாசிமணி மரம், சிப்பி ஒட்டிய ஒரு போட்டோ பிரேம். எதையும் தூக்கிப் போட மனம் வராது, வைக்கவும் இடம் இல்லை. கொடுத்தவர் வீட்டுக்கு வரும் நாளில் மட்டும் பெட்டியிலிருந்து எடுத்து வைக்கிறேன். இது எனக்கு மட்டும் நடப்பது என்று சொல்லாதீர்கள்.

தேனீமெழுகு:
இப்படி யோசித்தால் யாருக்கும் எதுவும் கொடுக்க முடியாது. கையால் செய்ததில் ஒருவர் செலவழித்த நேரம் இருக்கிறது, அதைப் பெட்டியில் வைக்கிறேன் என்று சொல்ல எப்படி மனம் வருகிறது?

காலிஅலமாரி:
நேரத்தை நான் மதிக்கிறேன். அதனால்தான் தூக்கிப் போடவில்லை. அந்த நேரத்தில் புத்தகத்துக்குள் வைக்கிற மாதிரியோ, சாவியில் மாட்டுகிற மாதிரியோ ஒன்றைச் செய்திருக்கலாமே என்றுதான் சொல்கிறேன். அந்தச் சிப்பி பிரேம் கதையையும் கேளுங்கள். சன்னல் ஓரத்தில் வைத்தேன். வெயில் ஏற ஏறச் சிப்பிகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன.

பசைவிரல்:
அது க்ளூ கன் வேலை. சூட்டில் உருகி ஒட்டுகிற பசை சூட்டிலேயே இளகவும் செய்யும். வழவழப்பான கண்ணாடியில் அதற்குப் பிடிமானமும் குறைவு. அவசரத்துக்கு உதவும், துணிப்பூவைக் கம்பியில் பிடிக்க நல்லது. வெயில் படும் இடத்துக்கும் கனமான பொருளுக்கும் வேண்டாம். சிப்பிக்கு இரண்டு குழம்பைக் கலந்து ஒட்டுகிற எபாக்சி பசைதான் சரி.

மற்றபடி காலிஅலமாரி சொல்வதில் நியாயம் இருக்கிறது. நானே பாட்டில் பைத்தியம், இருந்தும் ஒத்துக்கொள்கிறேன்.

கைவராதவள்:
ஐயோ, சண்டை வேண்டாம். உண்மையில் என் மேசையிலேயே பாட்டில் வைக்க இடமில்லை. அப்படியானால் சின்னதாக, தட்டையாக, உடையாததாக. அப்புறம், பசை காய்வதற்காகக் காத்திருக்காததாக. வீட்டில் இரண்டு வாண்டுகள் உண்டு, எதைக் காயவைத்தாலும் விரலால் தொட்டுப் பார்ப்பார்கள்.

ஒருமடிப்பு:
காய்வதே வேண்டாம் என்றால் காகித மடிப்புக்கு வாருங்கள் அக்கா. பசையே இல்லாத ஒன்று உண்டு, சோனோபே என்பார்கள். ஒரு சதுரத் தாளைச் சில மடிப்பில் ஓர் அலகாக்க வேண்டும். ஒவ்வோர் அலகிலும் இரண்டு நுனியும் இரண்டு பையும் இருக்கும். ஒன்றின் நுனியை இன்னொன்றின் பைக்குள் செருகிக்கொண்டே போக வேண்டியதுதான். 6 அலகு சேர்ந்தால் கனசதுரம், 12 என்றால் முள்முள்ளான ஓர் உருவம், 30 என்றால் நட்சத்திரப் பந்து. தன்னைத்தானே பிடித்துக்கொள்ளும். ஓர் அலகு மடிக்கக் கற்றால் போதும், மீதி எல்லாம் அதே மடிப்புதான். பேருந்தில் உட்கார்ந்தே மடிக்கலாம்.

ஒரே ஓர் எச்சரிக்கை. சதுரம் சரியான சதுரமாக இருக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் கூடக்குறைய வெட்டினால் 6 அலகில் தெரியாது, 30-ஆவது அலகு செருகவே செருகாது. நான் முதல் பந்தை 28-இல் கைவிட்டேன். இன்றும் அது ஓட்டைப் பந்தாகத்தான் இருக்கிறது.

ஓரம்வெட்டி:
ஒருமடிப்பு தம்பி சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காகிதத்துக்கும் மரம் மாதிரி இழை ஓட்டம் உண்டு. ஆலையில் தாள் ஓடும் திசையிலேயே நார்கள் பெரும்பாலும் படுத்துவிடும். தாளை வெட்டாமல் லேசாக வளைத்துப் பாருங்கள், ஒரு பக்கம் எளிதாக வளையும், மறுபக்கம் முரண்டும். எளிதாக வளையும்போது வளைவின் முதுகு எந்தத் திசையில் நீள்கிறதோ அதுதான் இழை ஓட்டம். அதோடு ஒத்துப் போகிற மடிப்பு நூல் பிடித்த மாதிரி விழும். குறுக்கே மடித்தால், கெட்டி அட்டை என்றால், வெடித்து வெள்ளை தெரியும். வாழ்த்து அட்டை, டப்பா, உறை எல்லாவற்றுக்கும் இதுதான் முதல் பாடம். எந்தக் காணொளியும் இதைச் சொல்வதில்லை, ஏனோ தெரியவில்லை.

அட்டையில் காகிதம் ஒட்டினால் படகு மாதிரி வளைகிறதே, அதற்கும் இந்த நார்தான் காரணம். ஈரம் குடித்த நார் அகலவாக்கில் பருக்கும், காயும்போது சுருங்கி அட்டையையும் சேர்த்து இழுக்கும். பின்பக்கமும் அதே மாதிரி ஒரு தாள் ஒட்டினால் இரண்டு இழுப்பும் சமமாகி நேராக நிற்கும். கனமான புத்தகங்களுக்கு அடியில் ஒரு ராத்திரி வைத்துவிடுங்கள்.

ஒருமடிப்பு:
ஈரம் எப்போதும் எதிரி இல்லை அண்ணா. ஜப்பானியக் காகித மடிப்புக் கலைஞர் அகிரா யோஷிசாவா (1911–2005) கெட்டிக் காகிதத்தை லேசாக ஈரமாக்கித்தான் மடித்தார். காய்ந்ததும் அந்த வளைவு அப்படியே நின்றுவிடும், காகிதப் பறவைக்குச் சதை வைத்த மாதிரி இருக்கும். இன்று மடிப்புப் படங்களில் பார்க்கிற புள்ளிக்கோடும் அம்புக்குறியும் அவர் போட்ட வழிதான். இதை இப்போது முயலச் சொல்லவில்லை அக்கா, சும்மா சொன்னேன்.

தேனீமெழுகு:
நான் கோபமாகத் தொடங்கிவிட்டேன், மன்னிக்கவும். என் பங்குக்கு மெழுகுவர்த்தி. எரிந்து தீர்ந்துவிடும், இடத்தை அடைக்காது. சின்னக் கண்ணாடிக் குவளையில் உருக்கி ஊற்றி, மேலே காய்ந்த பூ இதழ் தூவினால் அவ்வளவு அழகு.

பழையதிரி:
இதழ் வேண்டாம் அம்மா, தயவுசெய்து. படத்தில்தான் அழகு. மெழுகு உருகிக் குளமாகும்போது இதழ் மிதந்து திரியை நோக்கிப் போகும், தானும் ஒரு திரியாகி எரியும். ஒரு சுடர் இருக்க வேண்டிய குவளையில் மூன்று சுடர் எரிந்தால் கண்ணாடி தாங்காது. என் கண் முன்னால் விரிசல் விட்டிருக்கிறது. பரிசாக வாங்கியவர் அதைப் படுக்கைக்குப் பக்கத்தில் ஏற்றியிருந்தால்? பூ வேண்டுமென்றால் குவளைக்கு வெளியே நூலில் கட்டுங்கள், ஏற்றுமுன் அவிழ்த்துவிடச் சொல்லுங்கள்.

சோயா மெழுகு என்றால் ஊற்றியபின் ஒன்று இரண்டு வாரம் ஆறப் போட்டால்தான் வாசனை நன்றாக வரும். மூன்று வாரத்தில் 12 செய்ய நினைத்தால் இன்றே ஊற்ற வேண்டும். மெழுகை நேரடியாக அடுப்பில் வைக்காமல் கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்குங்கள், விட்டுவிட்டு எங்கும் போகாதீர்கள். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. மூடியால் மூடி அடுப்பை அணைக்க வேண்டும். திரி தடிமன் குவளையின் விட்டத்துக்குப் பொருந்தவும் வேண்டும். மெலிந்த திரி நடுவில் குழி பறித்துக்கொண்டு இறங்கும், ஓரத்து மெழுகு அப்படியே நிற்கும். எளிது என்பார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன்.

கைவராதவள்:
இரண்டு வாண்டு, கொதிநீர், மெழுகு. வேண்டாம் சாமி.

முடிச்சு:
மேக்ரமே பக்கம், அதாவது கயிற்று முடிச்சு வேலைப் பக்கம், யாரும் வரவில்லையே! சாவிக்கொத்துக்கு ஒரு சின்னப் பட்டை போடுங்கள். 3 மில்லிமீட்டர் பருத்திக் கயிறு, ஒரு வளையம், ஒரு கத்தரி, அவ்வளவுதான். சதுர முடிச்சு ஒன்று தெரிந்தால் போதும், ஒருமுறை இடப்பக்கம், ஒருமுறை வலப்பக்கம். மறந்துபோய் ஒரே பக்கமாகப் போட்டுக்கொண்டே போனீர்கள் என்றால் பட்டை தானாகச் சுருண்டு திருகு மாதிரி வரும். அதற்கும் தனி அழகு உண்டு. தப்பு செய்தால் வேறு டிசைன் கிடைக்கிற கைவேலை இது ஒன்றுதான், உங்களுக்கென்றே செய்த மாதிரி.

கயிற்று நீளத்தில்தான் எல்லாரும் மாட்டுவார்கள். முடிச்சுப் போடுகிற இழை முடிந்த நீளத்தைப் போல நாலு மடங்கு வேண்டும். பாதியாக மடித்து வளையத்தில் மாட்டுவதால் வெட்டும்போது எட்டு மடங்கு. 10 சென்டிமீட்டர் பட்டைக்கு 80 சென்டிமீட்டர். நடுவில் சும்மா நிற்கிற இழைக்கு இவ்வளவு வேண்டாம், மடித்தபின் பட்டையைவிடக் கொஞ்சம் நீளமாக இருந்தால் சரி. முதலில் ஒன்று போட்டுப் பார்த்துவிட்டு மற்ற 11-க்கும் வெட்டுங்கள். எல்லாவற்றையும் முதலிலேயே வெட்டிவிட்டு அழுதவள் நான்.

இலைக்காம்பு:
தட்டை, சின்னது, உடையாதது. இதற்கு நேர் பதில் அழுத்திக் காயவைத்த பூ. புத்தகக்குறி செய்யலாம். மை ஒட்டாத உறிஞ்சு தாள்களுக்கு நடுவில் வைத்துக் கனமான புத்தகத்தில் இரண்டிலிருந்து நாலு வாரம். முதல் சில நாள் தாளை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும். ஒற்றை இதழடுக்குள்ள மெல்லிய பூவும் இலைகளும் நன்றாக வரும். தடித்த பூ பழுப்பாகிவிடும், வெள்ளைப் பூவும் பெரும்பாலும் அப்படித்தான். எப்படிச் செய்தாலும் வெயிலில் வைத்தால் நிறம் வெளிறும்.

பூ என்றால் எனக்கு மேரி டெலனி ஞாபகம் வரும். இங்கிலாந்துக்காரர், 1700-இல் பிறந்தவர். 72 வயதில்தான் தொடங்கினார். மேசையில் கிடந்த சிவப்புக் காகிதமும் பக்கத்தில் இருந்த ஜெரேனியம் இதழும் ஒரே நிறம் என்று கண்ணில் பட்டது, உடனே கத்தரியை எடுத்துவிட்டார். வண்ணத்தாளை நுணுக்கி வெட்டிக் கருப்புப் பின்னணியில் ஒட்டி, ஒவ்வொரு செடியையும் இதழ் நரம்பு முதல் உருவாக்கினார். பத்து வருடத்தில் கிட்டத்தட்ட ஆயிரம் படங்கள். கண் பார்வை மங்கிய பிறகுதான் நிறுத்தினார். கிட்டத்தட்ட எல்லாம் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கை வராது என்று யாராவது சொன்னால் நான் அந்தப் படங்களைத்தான் காட்டுவேன்.

காலிஅலமாரி:
72 வயதில் தொடங்கியவரிடம் ஆபீஸ் வேலை இல்லை, மூன்று வாரக் கெடுவும் இல்லை. பூ காயவே நாலு வாரம் என்கிறீர்கள்.

இலைக்காம்பு:
சரி, பிடித்துவிட்டீர்கள். அப்படியானால் காய்ந்த பூ வேண்டாம், பூவின் நிழல் போதும். சயனோடைப், வெயிலால் நீலப் படம் பதிப்பது. ஆங்கிலேய விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் 1842-இல் கண்டுபிடித்த முறை. பொறியாளர்கள் கட்டட வரைபடத்தை நகலெடுத்ததும் இதே முறையில்தான், புளூபிரிண்ட் என்ற பேரே இதனால் வந்தது. மறுவருடமே ஆங்கிலேயத் தாவரவியலாளர் அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளை இப்படி நீலத்தில் பதித்துப் புத்தகமாக வெளியிடத் தொடங்கினார்.

இரும்பு உப்பு பூசிய தாளில் இலையை வைத்து வெயிலில் காட்டினால், வெளிச்சம் பட்ட இடம் நீலமாகும், இலை மறைத்த இடம் வெள்ளையாக நிற்கும். அப்புறம் வெறும் தண்ணீரில் அலசினால் போதும். கரைசலை நீங்களே கலக்கலாம்தான், ஆனால் வாண்டுகள் இருக்கிற வீட்டில் ஏற்கெனவே பூசி வருகிற தாளை வாங்கிவிடுங்கள். இருட்டான பையில் வரும், மங்கிய அறை விளக்கில் பிரியுங்கள். இலையின் மேல் ஒரு கண்ணாடியை வைத்து அழுத்துங்கள், தூக்கி நின்றால் ஓரம் மங்கலாகிவிடும். தடித்த இலை வெறும் வெள்ளைத் திட்டாக விழும். மெல்லிய இதழ் வெளிச்சத்தைக் கொஞ்சம் விடுவதால் உள் நரம்பெல்லாம் தெரியும்.

கைவராதவள்:
இலைக்காம்பு அக்கா, பச்சை இலையையே வைக்கலாமா? காயவைக்க வேண்டியதில்லையா?

இலைக்காம்பு:
பச்சையே போதும். ஈரத்தை மட்டும் துடைத்துவிடுங்கள். சாறு வடிகிற தண்டு என்றால் தாளில் கறை விழும். ஒரு நாள் புத்தகத்தில் வைத்து எடுத்தால் தட்டையாகவும் இருக்கும்.

கைவராதவள் (ஒரு வாரம் கழித்து):
நிலவரம் சொல்கிறேன். சோனோபே 6 அலகு கனசதுரம் வந்துவிட்டது! 30-க்குப் போனேன், 19-இல் நிற்கிறது. பெரியவன் இரண்டு அலகைப் பிரித்து விமானம் மடித்துவிட்டான். சாவிப்பட்டை ஒன்று போட்டேன், முடிச்சு சொன்ன மாதிரியே மறந்துபோய்த் திருகாகிவிட்டது. அதை நானே வைத்துக்கொண்டேன்.

நீலத் தாள்தான் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் முதல் நாலும் பாழ். ஒன்று முழுக்க வெளிர்நீலம். இன்னொன்று அலசும்போதே படம் கழுவிக்கொண்டு போய்விட்டது. மூன்றாவது நன்றாக வந்தது, அலசின தொட்டியில் துணி ஊறவைத்த சோப்புத் தண்ணீர் மிச்சம் இருந்திருக்கிறது போல, ஓரமெல்லாம் மஞ்சளாகிவிட்டது. நாலாவதில் சின்னவனின் கை இலைக்குப் பக்கத்திலேயே பதிந்திருக்கிறது. ஐந்து விரலும் தெளிவாக.

இலைக்காம்பு:
நாலாவது பாழ் என்று யார் சொன்னது? அதைச் சட்டம் போட்டு மாட்டுங்கள்.

மற்றவற்றுக்கு வருகிறேன். அலசும்போது படம் போனால் வெயில் போதவில்லை. தாள் நீலமானதும் எடுக்கக் கூடாது, அதையும் தாண்டிச் சாம்பல் பூத்த மாதிரி மங்கும் வரை விட வேண்டும். பார்க்கக் கெட்டுப்போன மாதிரி இருக்கும், அதுதான் பதம். முழுக்க வெளிர்நீலமாக வந்த தாள், பிரிக்கும்போதே வெளிச்சம் பட்டது. மஞ்சள் நீங்கள் கண்டுபிடித்ததுதான், சோப்புத்தூள், சமையல் சோடா மாதிரிக் காரமான எதுவும் இந்த நீலத்துக்கு ஆகாது. சுத்தமான தொட்டி, சுத்தமான தண்ணீர், பூசிய உப்பின் மஞ்சள் தாளிலிருந்து போகும் வரை அலசல். காய்ந்து ஒரு நாள் ஆனதும் நீலம் இன்னும் ஆழமாகும், அதனால் ஈரத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

பிற்பாடு வெயில் பட்டு வெளிறினாலும் கொஞ்ச நாள் இருட்டில் வைத்தால் பெரும்பகுதி திரும்பி வந்துவிடும். புத்தகக்குறி இருக்கிற இடமே இருட்டுதானே.

ஓரம்வெட்டி:
புத்தகக்குறி என்றால் நீளவாக்கில் இழை ஓடுகிற மாதிரி வெட்டுங்கள். குறுக்கே ஓடினால் புத்தகத்திலிருந்து இழுக்கும்போது மடங்கும். பின்பக்கம் ஒரு தாள் ஒட்டுகிறீர்களானால் நான் மேலே சொன்ன வளைவு வரும். மெல்லிய பசை, புத்தகத்துக்கடியில் ஒரு ராத்திரி. மூலையைக் கத்தரியால் உருட்டிவிட்டால் கடையில் வாங்கினது மாதிரி இருக்கும்.

முடிச்சு:
மேலே ஓட்டை போட்டு அந்தத் திருகுக் கயிற்றைக் கட்டுங்கள். இரண்டு இழை, ஒரு விரல் நீளம். நீங்கள் தப்பாகப் போட்டதே போதும்.

காலிஅலமாரி:
12 பேரும் புத்தகம் படிக்கிறவர்களா என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கிண்டல் இல்லை.

கைவராதவள்:
பார்த்தேன். மூன்று பேர் படிக்க மாட்டார்கள். அவர்களுக்கு அதே நீலத் தாளை மடித்து வாழ்த்து அட்டை, உள்ளே நாலு வரி என் கையெழுத்தில். ஒருமடிப்புக்குச் சொல்லுங்கள், மேலாளருக்கு மட்டும் அந்தக் கனசதுரம். எப்போதும் கையில் எதையாவது உருட்டிக்கொண்டே பேசுவார்.

கைவராதவள் (ஆறு நாள் கழித்து):
11 முடிந்தது. கடைசி ஒன்று நிற்கிறது, இரண்டு நாளாக வெயிலே இல்லை, வானம் மூட்டமாக இருக்கிறது. நாளை மறுநாள் கடைசி நாள். மூட்டத்தில் பதியுமா? எத்தனை நிமிடம் வைக்க?

இலைக்காம்பு:
பதியும். புற ஊதாக் கதிர் மேகத்தையும் தாண்டி வரும், நேரம்தான் பல மடங்கு ஆகும். நிமிடம் சொல்ல மாட்டேன், மேகத்துக்கு மேகம் மாறும். தாள் வெட்டியதில் வெளிச்சம் படாத ஓரம் ஏதாவது இருட்டுப் பையில் மிச்சம் இருந்தால் விரல் அகலத் துண்டு ஒன்று எடுங்கள். அட்டையால் மூடி, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அட்டையைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டே வாருங்கள். அலசிப் பார்த்தால் ஒரே துண்டில் படிப்படியாக நீலம் தெரியும். எந்தப் படி பிடிக்கிறதோ அந்த நேரம். சன்னலுக்கு உள்ளே வைக்காதீர்கள், வெளியே வையுங்கள்.

கைவராதவள்:
ஐம்பது நிமிடம். இப்போதுதான் வெளியே வைத்துவிட்டு வந்தேன், சின்னவன் காவலுக்கு நிற்கிறான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.